ஏட்டில் உள்ளதை உள்ளவாறு எழுதியவர்: டாக்டர் உ. வே. சாமிநாதையர்

நம் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. நாள்தோறும் ஏரியில் உள்ள நீரின் உயரத்தை அளவுகோலில் பார்த்துப் பதிவேட்டில் குறிக்கின்றனர். குறிப்பவர் தம் கண்ணால் கண்ட அளவையே எழுதக் கடமைப்பட்டவர். தமக்குத் தோன்றிய அளவையோ, நேற்று இருந்ததால் இன்றும் இருக்கும் என்று எண்ணிய அளவையோ எழுதுதல் ஆகாது. அந்த ஓர் எண்ணை நம்பித்தான் மதகைத் திறப்பதும் மூடுவதும் நடைபெறுகின்றன. அடையாற்றின் இரு கரைகளிலும் வாழும் மக்களின் உயிரும் உடைமையும் அந்த எண்ணோடு பிணைந்துள்ளன என்பதை 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாத வெள்ளத்தைக் கண்ட நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய ஏட்டுச்சுவடிகளுக்கும் இந்த நியதி முற்றிலும் பொருந்தும். ஒரு சுவடியின் பெயரைத் தவறாக எழுதி வைத்தால், அச்சுவடி இருந்தும் இல்லாததாகிவிடும். தேடி வருபவன் அதனை வேறொன்று என்று எண்ணி விலகிச் செல்வான். சுவடிக்கு உரியவர் யார், அது எவ்வூரிலிருந்து வந்தது, எத்தனை ஏடுகள் உள்ளன, எவை குறைந்துள்ளன என்று எழுதாமல் விட்டால், பின்னால் வருவோர் அதனை நம்பி ஒரு முடிவும் கூற இயலாது. இவ்வுண்மையை உணர்ந்து, தம் நெடிய வாழ்நாளை இப்பணிக்கே ஒப்படைத்த பெரியவர் ஒருவரின் வரலாற்றை நம் சமுதாய இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரையை இவ்வெள்ளி விழா மலருக்கு எழுதுகின்றேன்.

பிறப்பும் கல்வியும்

உ. வே. சாமிநாதையர் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள் பிறந்தார். தஞ்சை நாட்டில் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம் அவர்தம் குடும்பத்தின் ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைப்புலமை வாய்ந்தவர்; செல்வம் படைத்தவர் அல்லர். இசையும் இராமாயணப் பிரசங்கமும் கொண்டு ஊர் ஊராகச் சென்று குடும்பத்தை நடத்தியவர். மகன் இசையோ வடமொழியோ ஆங்கிலமோ கற்று முன்னேறுவான் என்று உறவினர் எதிர்பார்த்தனர். சிறுவனுக்கோ தமிழின்மீதே தீராத வேட்கை. தமிழ் சொல்லித் தருவோர் எங்கிருப்பினும் அவ்வூருக்கே குடும்பத்தைப் பெயர்த்துச் சென்றார் அத்தந்தையார்.

1871-ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அப்பெரும் புலவரின் நிழல்போல் உடனிருந்து புராணங்கள், அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ் நூல்கள், இலக்கணங்கள் ஆகியவற்றைப் பாடம் கேட்டார். ஆசிரியர் செய்யுளை வாயால் சொல்ல, ஏட்டில் எழுதும் பணியும் மாணாக்கர்களுக்கு உரியதாக இருந்தது. கேட்டதைக் கேட்டவாறே பிழையின்றி எழுதும் பழக்கம் அவருக்கு அக்காலத்திலேயே படிந்தது. 1876-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஆசிரியர் மறைந்தார். அதன் பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடம் பாடம் கேட்டும், பிறருக்குப் பாடம் சொல்லியும் வாழ்ந்தார். 1880-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தியாகராச செட்டியார் ஓய்வு பெற்ற இடத்தில், கும்பகோணம் அரசினர் கல்லூரித் தமிழாசிரியராக அமர்ந்தார்.

வாழ்வைத் திருப்பிய வினா

அதே ஆண்டு அக்டோபர்த் திங்களில், கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவர்களைச் சாமிநாதையர் சந்தித்தார். தாம் கற்ற நூல்களின் நீண்ட வரிசையைச் சொன்னார். முதலியார் வியப்படையவில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை போன்ற பழைய நூல்களைக் கற்றதுண்டா என்று வினவினார். கற்றதில்லை என்பதே விடையாக இருந்தது. அத்துணைப் பெரிய ஆசிரியரிடம் பயின்ற மாணாக்கரும் அந்நூல்களைக் கண்ணால் கண்டதில்லை. அன்றைய தமிழ்க் கல்வியின் நிலை அது.

முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்துப் பாடம் சொல்லுமாறு கேட்டார். அந்நூலின் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகத்தை 1868-இல் பவர் பாதிரியார் அச்சிட்டிருந்தார். முழு நூல் அச்சில் வந்ததில்லை. சாமிநாதையர் படிக்கத் தொடங்கினார். நூல் சமண சமயக் காப்பியம். அதன் கருத்துகள் சைவ நூல்களில் ஊறிய அவருக்கு விளங்கவில்லை. தமக்குத் தோன்றிய பொருளை எழுதிவிட அவர் மனம் இசையவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிச் சென்றார். சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் முதலியோர் தம் சமயக் கொள்கைகளையும் மரபுச் சொற்களையும் எடுத்துரைத்தனர். அந்நூலைத் தம் வீட்டில் வைத்துப் போற்றிப் படித்துவந்த மக்களிடம் மாணாக்கராக அமர்ந்து கேட்ட அப்பண்பு நாம் போற்றத்தக்கது. ஒரு நூலைப் பற்றி அறிய வேண்டுமாயின் அந்நூலுக்கு உரிய மக்களைக் கேட்க வேண்டும் என்பதை அவர் செயலால் காட்டினார்.

ஏட்டைப் படிப்பதன் இடர்

இன்றைய இளைஞர் பலர் பனையோலைச் சுவடியைக் கையால் தொட்டிருக்க மாட்டார்கள். பதப்படுத்திய ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதுவர். கீறிய எழுத்துத் தெரிவதற்காகக் கரியும் இலைச்சாறும் தடவுவர். ஓலையில் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டுவர். மெய்யெழுத்திற்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு காட்டப்படாது. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். செய்யுளை அடி பிரித்து எழுதுவதில்லை; உரைநடை போலத் தொடர்ந்தே செல்லும். மூலம் எங்கே முடிகின்றது, உரை எங்கே தொடங்குகின்றது என்பதையும் படிப்பவரே கண்டறிய வேண்டும். பூச்சி அரித்த இடம், முறிந்த இடம், முன்பின் மாறிக் கோத்த ஏடு ஆகியவை வேறு. ஒரு சுவடியைப் பார்த்து மற்றொன்றைப் படியெடுத்தவர் விட்ட பிழைகளும் அதனுடன் சேரும்.

ஆகவே ஒரே சுவடியை நம்பி நூலை அச்சிடுதல் ஏலாது. பல ஊர்களிலிருந்து சுவடிகளைத் திரட்ட வேண்டும். ஒருவர் ஒரு சுவடியைப் படிக்க, மற்றவர்கள் தத்தம் கையிலுள்ள சுவடிகளோடு ஒப்பிட்டு வேறுபாடுகளைக் குறிக்க வேண்டும். சாமிநாதையர் அவ்வாறே செய்தார். கல்லூரியில் பகல் முழுதும் பாடம் சொல்லி, காலையிலும் மாலையிலும் இரவிலும் ஏடுகளோடு அமர்ந்தார். நச்சினார்க்கினியர் தம் உரையில் நூற்பெயர் கூறாமலே பல மேற்கோள்களைக் காட்டிச் செல்வார். அவை எந்நூலைச் சேர்ந்தவை என்று தேடும்பொழுதுதான், திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளிடையே அதுவரை அவர் அறிந்திராத சங்க நூல்கள் அவர் கண்ணில் பட்டன. ஒரு மேற்கோளின் இருப்பிடத்தைச் சரியாகக் குறிக்க வேண்டும் என்ற பிடிவாதமே சங்க இலக்கியத்தின் கதவை அவருக்குத் திறந்தது.

சீவக சிந்தாமணி 1887-இல் வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. ஐங்குறுநூறு 1903, பதிற்றுப்பத்து 1904, பரிபாடல் 1918, பெருங்கதை 1924, குறுந்தொகை 1937 எனப் பணி தொடர்ந்தது. இத்துறையில் அவருக்கு முன்னோடியாகிய யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்களையும் நாம் மறத்தல் கூடாது. வீரசோழியம், கலித்தொகை, சூளாமணி முதலியவற்றை அச்சேற்றிய பெருமை அவருக்கு உரியது.

அழிந்தவையும் எஞ்சியவையும்

சுவடி தேடி அவர் நடந்த ஊர்கள் பல. சில வீடுகளில் அன்போடு எடுத்துக் கொடுத்தனர். சில வீடுகளில் பார்க்கவும் விடவில்லை. பயன்படாதவை என்று எண்ணி ஆடிப் பதினெட்டில் ஏடுகளை ஆற்றில் விட்ட செய்தியையும் அவர் கேட்டார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் நிரம்ப உண்டு என்று கேள்வியுற்று அங்கே சென்றார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயில் இடுவதே முறை என்று கருதி, அவற்றை எரித்துவிட்டனர் என்று அறிந்து மனம் வெதும்பினார். எரித்தவர்கள் எந்த எந்த நூல்களை எரித்தனர் என்பதற்கு ஒரு பட்டியல்கூட இல்லை. ஏடு அழிந்தது ஒரு கேடு. அழிந்தது எது என்பதே தெரியாமற் போனது அதனினும் பெரிய கேடு.

எஞ்சியவற்றை அவர் கையாண்ட முறையே நாம் கற்கவேண்டிய பாடம். ஒவ்வொரு பதிப்பின் முன்னும், தமக்குக் கிடைத்த சுவடிகள் எவை, அவை எவ்வூரார் எவரிடமிருந்து வந்தவை என்று பெயர் சுட்டி எழுதினார். ஒரே இடத்தில் சுவடிகள் வேறுபட்டால், வேறுபாட்டை மறைக்காமல் கீழே குறித்தார். எவ்வளவு தேடியும் எந்நூலைச் சேர்ந்தது என்று தெரியாத மேற்கோள்களை விளங்காதவை என்றே தனியாகத் தொகுத்துக் காட்டினார். பல நூறு பாடல்களை ஆய்ந்த புலவர், இது எனக்கு விளங்கவில்லை என்று அச்சில் எழுதுவதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

புறநானூற்றில் 267, 268 ஆகிய எண்ணுள்ள இரு பாடல்களும் கிடைக்கவில்லை. வேறு சில பாடல்கள் இடையிடையே சிதைந்துள்ளன. அவர் செய்யுள் இயற்றும் ஆற்றல் மிக்கவர். விரும்பினால் குறைந்த சீர்களைத் தாமே இட்டு நிரப்பியிருக்கலாம். எவரும் கண்டறிந்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர் இழந்த இடங்களில் புள்ளிகளையே இட்டார். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை; இல்லை என்றே எழுதினார். ஐங்குறுநூற்றில் 129, 130 ஆகிய பாடல்கள் இல்லை. எண் வரிசையை மாற்றாமல் அவ்விடத்தை வெறுமையாகவே விட்டார்.

குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயர்கள் அடுக்கி வரும் பகுதி ஒன்று உண்டு. அவர் கையிலிருந்த சுவடிகளில் அவ்விடத்தில் சில மலர்களின் பெயர்கள் குறைந்திருந்தன. ஊகித்து எழுதாமல் தேடிக்கொண்டே இருந்தார். முடிவில் தருமபுர ஆதீனத்தில் ஒழுங்கின்றிக் கிடந்த ஏடுகளிடையே அப்பகுதி அகப்பட்டது. ஊகத்தால் இட்டு நிரப்பியிருந்தால் அவர் தேடியிருக்கவே மாட்டார். அம்மலர்களும் நமக்குக் கிடைத்திருக்க மாட்டா.

பாடியவர் பெயரைக் காத்தமை

சங்கப் பாடல்களின் கீழே பாடியவர் பெயர், பாடப்பட்டவர் பெயர், திணை, துறை முதலிய குறிப்புகள் ஏடுகளில் உள்ளன. பாட்டே முதன்மை, அடிக்குறிப்பு எதற்கு என்று அவற்றைத் தள்ளியிருந்தால் நாம் இழந்திருப்பது எத்தனை! வெண்ணிக் குயத்தியார் என்ற பெயர், மட்பாண்டம் வனையும் குலத்துப் பெண்ணொருத்தி கரிகாலனைப் பற்றிப் பாடும் தகுதி பெற்றிருந்தாள் என்பதை அறிவிக்கின்றது. குறமகள் இளவெயினி என்ற பெயர் மலைவாழ் குலத்துப் பெண் புலவரைக் காட்டுகின்றது. தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பவை கைத்தொழிலும் வாணிகமும் செய்தோர் புலமை பெற்றிருந்ததைக் காட்டுகின்றன. துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் குடிகளைப் பெருமையோடு எண்ணிக் கூறும் பாட்டும் புறநானூற்றிலேயே உள்ளது.

கல்வி ஒரு சாராருக்கே உரியது, உழைக்கும் மக்களுக்கு அதில் பங்கு இல்லை என்று நெடுங்காலம் நமக்குச் சொல்லப்பட்டு வந்தது. அதனை மறுப்பதற்கு நமக்குக் கிடைத்துள்ள வலுவான சான்றுகளுள் ஒன்று அந்த அடிக்குறிப்புகள். இச்சான்று நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், அந்த ஏடுகளைப் பெயர்த்தெழுதியோரும் அச்சிட்டவரும் அப்பெயர்களை ஒன்றும் விடாமல் எழுதியமையே.

மணிமேகலையும் 1898-ஆம் ஆண்டும்

மணிமேகலையின் ஏடுகள் அவரிடம் இருந்தும், அந்நூல் எச்சமயத்தைச் சார்ந்தது என்பதே முதலில் விளங்கவில்லை. சமண நண்பர்களைக் கேட்டார். தம் சமயக் கருத்துகள் அல்ல என்று அவர்கள் நேர்மையாகக் கூறினர். பின்னர்க் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் இரங்காசாரியர், அது பௌத்த நூல் என்று கண்டு, ஆங்கிலத்தில் வந்திருந்த பௌத்த நூல்களைப் படித்து விளக்கினார். தமிழ்நாட்டில் பௌத்தம் வழக்கொழிந்திருந்தமையால், இம்முறை கேட்டறிவதற்கு அச்சமயத்தவரே அருகில் இல்லை. சாமிநாதையர் பல ஆண்டுகள் பொறுத்திருந்து, பௌத்தக் கொள்கைகளைத் தெளிந்த பின்னரே 1898-இல் மணிமேகலையை வெளியிட்டார். புத்தர் வரலாற்றையும் பௌத்த தருமத்தையும் தமிழ் மக்கள் அறியுமாறு எழுதினார்.

அதே 1898-ஆம் ஆண்டில்தான் நம் பெரியவர் அயோத்திதாசப் பண்டிதர், கர்னல் ஆல்காட் அவர்களின் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். ஒருவர் கும்பகோணத்தில் ஏட்டிலிருந்து பௌத்தத்தை வெளிக்கொணர்ந்தார். மற்றவர் சென்னையில் மக்களிடையே அதனை மீண்டும் நிறுவினார். இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை நம் இளைஞர்கள் நினைவில் நிறுத்தத்தக்க செய்தியாகும்.

எழுதப்படாமற் போன பெயர்

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் கூற வேண்டும். சாமிநாதையர் ஏடு தேடிச் சென்ற மடங்களும் கோயில்களும் அக்கிரகாரங்களும் அன்று நம் மக்களுக்கு மூடப்பட்டிருந்தன. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் நுழைந்தது 1939-ஆம் ஆண்டில்தான். அப்பொழுது சாமிநாதையருக்கு வயது 84. அவருடைய உழைப்பு பெரிது. ஆயினும் அவர் சென்ற வாயில் வழியே செல்லும் உரிமை நம் பாட்டனார்க்கு இருந்ததில்லை. இதனைச் சொல்வது அவரைக் குறைத்தல் ஆகாது. உள்ளதை உள்ளவாறு சொல்வதே அவர்தம் நெறிக்கும் உகந்தது.

நம் மக்களிடம் ஏடுகளே இருந்ததில்லை என்று எண்ணுதலும் தவறு. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவம் பயின்றவர். 1907-இல் அவர் தொடங்கிய தமிழன் இதழில், தம் பாட்டனார் கந்தப்பனார் பற்றி எழுதியுள்ளார். ஆரிங்டன் துரையிடம் சமையற் பணி செய்த கந்தப்பனார், தம்மிடமிருந்த திருக்குறள், நாலடியார் ஏடுகளை அத்துரையின் வாயிலாக எல்லிஸ் துரைக்கு அளித்தார் என்பது பண்டிதர் தரும் செய்தி. எல்லிஸ் துரை 1819-இல் மறைந்தார். திருக்குறள் மூலம் முதன்முதல் அச்சேறியது 1812-இல். அப்பதிப்பின் முகப்பில் அச்சிட்டவராகத் தஞ்சை ஞானப்பிரகாசரின் பெயர் உள்ளது. கந்தப்பனார் பெயர் அங்கே இல்லை. பேரன் எழுதியதால் மட்டுமே பாட்டனார் பெயர் நமக்குத் தெரிகின்றது.

ஏடு கொடுத்தவர் பெயரைக் குறிப்பது வெறும் நன்றியறிதல் என்று நினைக்கலாகாது. ஓர் அறிவுச் செல்வம் யார் வீட்டில் காக்கப்பட்டது என்பதற்கு அதுவே ஆவணம். சாமிநாதையர் தமக்குச் சுவடி தந்தோர் பெயர்களைப் பதிப்புதோறும் எழுதினார், அப்பெயர்கள் நின்றன. எழுதப்படாத பெயர்கள் எத்தனையோ நம் சமுதாயத்தில் மறைந்து போயின.

பட்டியல் செய்த பிறர்

நாட்டின் முதல் தலைமை நில அளவையாளராகிய கர்னல் காலின் மெக்கன்சி பல்லாயிரம் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் திரட்டி, 1821-இல் மறைந்தார். அவற்றிற்கு வில்சன் என்பார் 1828-இல் பட்டியல் வெளியிட்டார். சென்னையில் சேர்ந்த சுவடிகளுக்கு டெய்லர் பாதிரியார் 1857 முதல் 1862 வரை மூன்று தொகுதிகளாகப் பட்டியல் செய்தார். உழைப்பு பெரிதாயினும் அதில் பிழைகள் பல உள என்று பின்வந்த அறிஞர் கண்டனர். 1869-இல் தோன்றிய அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்கப் பட்டியலின் முதல் தொகுதி 1912-இல் வெளிவந்தது. அதனைச் செய்தவர், மணிமேகலைக்குப் பௌத்தம் விளக்கிய அதே இரங்காசாரியர். சுவடியின் பெயர், ஓலையா தாளா என்பது, அளவு, ஏடுகளின் எண்ணிக்கை, பக்கத்திற்கு எத்தனை வரி, முழுமையா குறையா, தொடக்கம், முடிவு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே குறிக்கும் முறை இத்தகைய பட்டியல்களால் வேரூன்றியது. பின்னர் வையாபுரிப் பிள்ளை போன்றோர் ஏடு ஒப்பிடும் முறையை மேலும் நுட்பமாக்கினர்.

இறுதி நாட்கள்

சாமிநாதையர் 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்று, 1919 வரை அங்கே பணியாற்றினார். 1906-இல் மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டம் அவரை அடைந்தது. 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரித் தலைவராக விளங்கினார். 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. தம் ஆசிரியரின் வரலாற்றை இரு பகுதிகளாக எழுதினார். 1940 முதல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதி வந்தார்; அது நிறைவடையவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது சென்னையில் குண்டு விழும் என்ற அச்சம் எழுந்தது. முதுமையடைந்த அவரை நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திருக்கழுக்குன்றத்திற்கு அழைத்துச் சென்றனர். அங்கே 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் தம் 87-ஆம் வயதில் மறைந்தார். அவர் சேர்த்த சுவடிகளும் நூல்களும் 1943-இல் தோன்றிய அவர் பெயரிய நூல் நிலையத்தில் காக்கப்பட்டு, இன்றும் சென்னை பெசன்ட் நகரில் பயன்பட்டு வருகின்றன. திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த தியாகராச விலாசம் என்னும் வீடு 2012-இல் இடிக்கப்பட்டது. வீடு போயிற்று, அவர் எழுதி வைத்த பட்டியலும் பதிப்பும் நிற்கின்றன.

நம் கடமை

இளைஞர்களே! இவ்வரலாறு புலவர்களுக்கு மட்டும் உரியதன்று. நம் குடியிருப்புகளில் இன்றும் பரணிலும் பெட்டியிலும் பழைய பொருள்கள் உள்ளன. வைத்திய ஏடு உண்டு. கூத்துக்குரிய கையெழுத்துப் பிரதி உண்டு. பாட்டனார் கைநாட்டு வைத்த பத்திரம் உண்டு. 1891-இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர், நம் மக்களின் நிலமின்மையையும் வறுமையையும் நேரில் ஆய்ந்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892-இல் நம் மக்களுக்கென நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது அதுவே. திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் பெருகி நிலத்தின் விலை ஏறிவிட்ட இந்நாளில், ஒரு பழைய பட்டாவில் சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் ஒரு குடும்பத்தின் உரிமை ஐயத்திற்கு உள்ளாகும்.

பள்ளித் தலைமையாசிரியன் என்ற முறையில் நான் நாள்தோறும் காண்பதும் இதுவே. சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் வேறு பெயர், சாதிச் சான்றிதழில் மற்றொரு பெயர் என்று இருந்தால், தகுதி வாய்ந்த மாணவனும் உதவித்தொகைக்காக அலுவலகம் அலுவலகமாக அலைய நேர்கின்றது. பிறந்த நாள் தெரியாத குழந்தைக்கு ஏதேனும் ஒரு தேதியை இட்டு எழுதும் வழக்கம் முன்பு இருந்தது. அந்த ஒரு தேதி அக்குழந்தையை வேலை வாய்ப்பு வரையிலும், ஓய்வு பெறும் நாள் வரையிலும் தொடர்ந்து செல்கின்றது.

ஆதலால் நம் சங்கத்தின் சார்பில் ஒரு பணியைத் தொடங்குமாறு வேண்டுகின்றேன். ஒவ்வொரு வீட்டிலும் உள்ள பழைய ஏடு, கையெழுத்து நூல், பத்திரம், நிழற்படம் ஆகியவற்றிற்குப் பட்டியல் செய்யுங்கள். பொருள் வீட்டாரிடமே இருக்கட்டும். பட்டியல் சங்கத்தில் இருக்கட்டும். என்ன பொருள், எவர் வீட்டில் உள்ளது, எத்தனை ஏடு அல்லது தாள், நீளம் அகலம் எவ்வளவு, என்ன எழுதியுள்ளது, எந்த ஆண்டு குறிக்கப்பட்டுள்ளது, எந்தப் பகுதி சிதைந்துள்ளது என்று வரிசையாகக் குறியுங்கள். படிக்க முடியாத எழுத்தைப் படிக்க முடியவில்லை என்றே எழுதுங்கள். இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து எழுதாதீர்கள். ஆண்டு குறிக்கப்படாத ஏட்டிற்கு நீங்களே ஓர் ஆண்டைக் கொடுத்துப் பழமை தேடாதீர்கள். கைப்பேசியில் படம் எடுத்துவைத்தல் நன்று. ஆனால் எந்த வீட்டுப் பொருள் என்று எழுதாத படம், சில ஆண்டுகளில் எவருக்கும் பயன்படாது. பழுதுபட்டது என்று எதனையும் போகிக்குத் தீயில் இடாதீர்கள். கொடுத்துதவிய முதியவரின் பெயரை முழுமையாக, அவர் சொன்னவாறே எழுதுங்கள்.

நாற்பது வீடுகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வரும் கோடை விடுமுறையில் உயர்நிலை வகுப்பு மாணவர்கள் இருவர் இருவராகச் சென்று, ஒருவர் படிக்க மற்றவர் எழுதி, பின்னர் இருவரும் ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். பார்க்கத் தெரிந்த கண்ணும் பொய் எழுதாத கையும் இருந்தால், இதனை நம் பிள்ளைகளே செய்து முடிப்பார்கள்.